பொலோனாவில் அயல்நாட்டு மாணவர்

கல்வியின் பொருட்டுத் தாய்நாட்டை விட்டு அயல்நாடு செல்லும் வழக்கம் மிகத் தொன்மையானது. நூலில் உள்ள செய்திகளை இருந்த இடத்திலிருந்தே கற்றுவிடலாம். ஆனால், ஒரு நாட்டு மக்களின் உள்ளப் பாங்கும் வாழ்க்கை நெறியும் அவர்களோடு கூடி வாழ்ந்தாலன்றி நன்கு விளங்கா. அயல்நாட்டில் பயிலும் மாணவர் கல்லூரியில் பெறும் கல்வி ஒரு பங்கு. தெருவிலும் சந்தையிலும் தாம் தங்கியிருக்கும் வீட்டிலும் பெறும் கல்வி மற்றொரு பங்கு. இவ்விரு வகைக் கல்வியையும் ஏறத்தாழ 900 ஆண்டுகளாக அயல்நாட்டு மாணவர்க்கு அளித்து வரும் நகரம் ஒன்று இத்தாலியில் உண்டு. அதன் பெயர் பொலோனா.

இத்தாலி நாட்டின் படத்தை நோக்கினால், முழங்கால் வரை நீண்ட காலணி ஒன்று கடலுள் நீட்டி நிற்பதுபோலத் தோன்றும். அக்காலணியின் மேற்பகுதியில், அப்பனைன் மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், போ ஆற்றின் வளமான சமவெளியை அடுத்துப் பொலோனா அமைந்துள்ளது. அந்நகருக்கு மூன்று பட்டப் பெயர்கள் உண்டு. செங்கல் நிறம் பொலியும் வீடுகளால் அது 'செந்நகர்' எனப்படும். உணவு வளத்தால் 'கொழுத்த நகர்' எனப்படும். பல்கலைக் கழகத்தால் 'கற்ற நகர்' எனப்படும். இம்மூன்றனுள் கடைசிப் பெயரே அயல்நாட்டு மாணவரை அங்கே ஈர்ப்பது.

காப்பற்ற மாணவர்

பொலோனாப் பல்கலைக் கழகம் 1088ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கொள்ளப்படுகிறது. மேலைநாட்டுப் பல்கலைக் கழகங்களுள் இதுவே மிகப் பழமையானது என்பர். தொடக்கத்தில் அதற்கெனக் கட்டடம் இல்லை. சட்டம் வல்ல ஆசிரியர் தம் வீட்டிலோ வாடகை அறையிலோ பாடம் சொல்லுவார். மாணவர் பொருள் திரட்டி அவருக்கு ஊதியம் அளிப்பர். இர்னேரியுஸ் என்பார் பழைய ரோமானியச் சட்ட நூல்களுக்கு அங்கே விளக்கம் கூறிப் புகழ் பெற்றார். அப்புகழ் கேட்டு ஜெர்மனி, பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து மாணவர் பலர் வந்து குழுமினர்.

அவ்வாறு வந்தவர் நிலை எளிதாக இல்லை. ஓர் ஊரின் சட்டம் அவ்வூர்க் குடிமக்களையே காத்தது, அயலாரைக் காக்கவில்லை. அயல்நாட்டு வணிகன் ஒருவன் கடன்பட்டுத் திருப்பித் தாராமல் ஓடிப்போனால், அவன் நாட்டைச் சேர்ந்த மாணவன் ஒருவனைப் பிடித்து அக்கடனைக் கேட்பர். கடன் பெற்றவனை அம்மாணவன் கண்டதே இல்லை என்றாலும் விடமாட்டார்கள். பிறந்த நாடு ஒன்று என்பதே அவன் செய்த குற்றம்!

இக்கொடுமை பேரரசர் பிரெடரிக்கின் செவிக்கு எட்டியது. செந்தாடி உடையவராதலின் அவரை இத்தாலியர் 'பார்பரோசா' என்று அழைத்தனர். அவர் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு சட்டம் வகுத்தார். கல்வியின் பொருட்டுப் பயணம் செய்வோர் அச்சமின்றி வந்து போகலாம்; பிறர் பட்ட கடனுக்காக மாணவரைத் துன்புறுத்தலாகாது; மாணவர் மீது வழக்கு எழுந்தால் அவர்தம் ஆசிரியரோ அவ்வூர் ஆயரோ அதனை விசாரிக்கலாம் என்பன அச்சட்டத்தின் கூறுகள். கற்க வந்த அயலார்க்குச் சட்டம் காப்பளித்தது ஒரு பெரிய மாறுதல் ஆகும்.

மாணவரும் தம்முள் ஒன்றுபட்டனர். ஒரு நாட்டார் ஒரு குழுவாகச் சேர்ந்து, நோயுற்றவரைப் பேணினர், வறியவர்க்கு உதவினர். பின்னர்க் குழுக்கள் எல்லாம் கூடித் தம்முள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன. ஆசிரியர்கள் அம்மாணவத் தலைவருக்குக் கீழ்ப்படிவதாக உறுதி கூற வேண்டியிருந்தது. காலந் தாழ்ந்து வந்த ஆசிரியர்க்கு மாணவரே தண்டம் விதித்தனர் என்பது இக்கால மாணவர்க்கு வியப்பும் நகைப்பும் விளைக்கும் செய்தியாகும்.

1563ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பழைய பல்கலைக் கழக மாளிகை இன்றும் உள்ளது. அதன் சுவர்களிலும் மேல்வளைவுகளிலும் அங்குப் பயின்றவர்தம் குலச் சின்னங்கள் ஏறத்தாழ 6,000 காணப்படுகின்றன. 1944 சனவரியில் விழுந்த வெடிகுண்டுகளால் அம்மாளிகையின் ஒரு பகுதி அழிந்தது. போர் முடிந்தபின், இடிபாடுகளிடையே கிடைத்த சிற்பத் துண்டுகளைக் கொண்டே மக்கள் அதனை மீண்டும் அமைத்தனர்.

தாழ்வாரங்கள்

பொலோனாவின் தெருக்களில் நடப்பவர் மழையில் நனைவதில்லை. வெயிலில் வாடுவதும் இல்லை. தெருவின் ஓரமெங்கும் தூண்கள் தாங்கிய தாழ்வாரங்கள் தொடர்ந்து செல்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து அளந்தால் ஏறத்தாழ 62 கிலோமீட்டர் நீளும். 2021ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இவற்றை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

இத்தாழ்வாரங்கள் தோன்றிய வரலாறு சுவையுடையது. மாணவரும் தொழிலாளரும் பெருகவே நகரில் இடநெருக்கடி உண்டாயிற்று. வீட்டுக்காரர்கள் மேல்மாடியைத் தெருவின் பக்கமாக நீட்டி, அதன்கீழ் மரத் தூண்களை நட்டு, புதிய அறைகள் அமைத்தனர். மேலே மாணவர் தங்கினர். கீழே மக்கள் நடந்தனர். பிற நகரங்கள் இவ்வாறு தெருவில் நீட்டிய கட்டடங்களை இடிக்கச் செய்தன. பொலோனாவோ 1288ஆம் ஆண்டில், புதிய வீடுகளுக்கும் தாழ்வாரம் வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. குதிரைமேல் அமர்ந்தவரும் தலை குனியாமல் செல்லும் உயரம் அதற்கு வேண்டும். தாழ்வாரத்தைப் பேணும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அதில் நடக்கும் உரிமையோ யாவர்க்கும் உரியது. வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணை அமைத்த தமிழ்நாட்டு வீடுகளை அறிந்தோர்க்கு இவ்வழக்கத்தின் அருமை எளிதில் விளங்கும்.

விண்ணை நோக்கிய விருந்தினர்

அயல்நாட்டு மாணவரும் உள்ளூர் ஆசிரியரும் கூடியதால் விளைந்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1496ஆம் ஆண்டில் போலந்து நாட்டு இளைஞர் ஒருவர் சமயச் சட்டம் பயிலப் பொலோனாவுக்கு வந்தார். அவரே நிக்கோலஸ் கோப்பர்நிக்கஸ். அங்குத் தொமேனிகோ மரியா நொவாரா என்னும் வானநூல் ஆசிரியரின் இல்லத்தில் தங்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பகலில் சட்டம் பயின்ற மாணவர் இரவில் ஆசிரியரோடு விண்மீன்களை நோக்கினார். 1497ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் இரவு, உரோகிணி எனப்படும் செம்மீனைத் திங்கள் மறைப்பதை அவர் பொலோனாவில் கண்டு குறித்துக் கொண்டார். அக்குறிப்பு, 1543இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் இடம்பெற்றது. நிலவுலகம் கதிரவனைச் சுற்றி வருகிறது என்று நிறுவ முற்பட்ட நூல் அது. சட்டம் பயில வந்தவரை வானம் பார்க்க வைத்தது ஒரு வீட்டின் விருந்தோம்பல் எனலாம்.

மொழியும் மரியாதையும்

இன்று பொலோனாப் பல்கலைக் கழகத்தில் 80,000க்கு மேற்பட்ட மாணவர் பயில்கின்றனர். அவர்களுள் அயல்நாட்டார் ஆயிரக்கணக்கினர். புதிதாக வருபவர் முதலில் உணர்வது தனிமையே. வாடகைக்கு அறை கிடைப்பது அரிது. நூலில் கற்ற இத்தாலிய மொழி மெல்ல நடப்பது. தெருவில் பேசும் இத்தாலிய மொழி விரைந்து ஓடுவது. முதியோர் தம்முள் பேசிக்கொள்ளும்போது பொலோனாவுக்கே உரிய வட்டார மொழியும் கலந்துவிடும். கடையில் ஒரு பொருள் கேட்கவும் நாக்குத் தயங்கும்.

மொழியைக் கற்கும்போதே மாணவர் அம்மக்களின் மரியாதை முறையையும் கற்கின்றார். தமிழில் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் வேறுபாடு இருப்பது போல, இத்தாலிய மொழியிலும் உண்டு. நண்பரை விளிக்கும் சொல் 'தூ'. பெரியோரை விளிக்கும் சொல் 'லேய்'. இரண்டாவது சொல்லுக்கு 'அவள்' என்பது நேர்ப்பொருள். 'தங்கள் மேன்மை' என்று உயர்த்திக் கூறும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. 'மேன்மை' என்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல் பெண்பாலாதலின், மீசை முறுக்கிய படைத்தலைவரையும் 'அவள்' என்றே சுட்டும் முறை ஏற்பட்டது.

வணக்கம் கூறுவதிலும் முறை உண்டு. நண்பர்கள் சந்திக்கும்போதும் பிரியும்போதும் 'சாவோ' என்பர். 'உம் அடிமை' என்னும் பொருளுடைய வெனிஸ் நகர வழக்கின் திரிபு அது. தமிழில் 'அடியேன்' என்று பணிவாகக் கூறும் வழக்கை இது நினைவூட்டும். ஆனால் காலப்போக்கில் பணிவு மறைந்து, நெருக்கமே அச்சொல்லில் எஞ்சிவிட்டது. இதனை அறியாமல் ஆசிரியரிடமோ முதியவரிடமோ 'சாவோ' என்று கூறிவிட்டு, அவர் முகத்தில் தோன்றும் புன்முறுவலைக் கண்டு நாணாத அயல்நாட்டு மாணவர் சிலரே. பெரியோர்க்கு 'நல்ல நாள் ஆகுக' என்னும் பொருளுடைய 'புவோன் ஜோர்னோ' என்பதே தகும். பிறர் வீட்டு வாயிலைக் கடக்கும்போது, வீட்டாரே அழைத்திருப்பினும், 'இசைவு உண்டா?' என்று கேட்டு நுழைவது அந்நாட்டு நற்பழக்கம்.

காப்பியும் சமையலறையும்

காலையில் இத்தாலியர் பலர் காப்பிக் கடையின் மேடையருகே நின்றபடியே, 'எஸ்பிரெஸ்ஸோ' என்னும் கடுங்காப்பியைச் சிறு கிண்ணத்தில் இரண்டு மூன்று மிடறாகப் பருகிவிட்டுச் செல்வர். பால் நுரை ததும்பும் 'காப்புச்சினோ' காலை உணவுக்கு உரியது. நண்பகல் உணவுக்குப்பின் அதனைக் கேட்பவர் அயல்நாட்டார் என்பதைக் கடைக்காரர் உடனே அறிந்துகொள்வார். நாள்தோறும் ஒரே கடைக்குச் செல்லும் மாணவரைப் பத்து நாள்களில் அவர் பெயரிட்டு அழைக்கத் தொடங்குவார். அயல்நாட்டில் தம் பெயரைப் பிறர் வாயால் முதன்முதல் கேட்கும் அந்நாள், மாணவர் மறவாத நாளாகும்.

வீடுகளில் 'மோக்கா' என்னும் பாத்திரத்தில் காப்பி இறக்குவர். 1933ஆம் ஆண்டில் அல்போன்சோ பியலெத்தி என்பவரின் தொழிற்கூடத்தில் உருவான பாத்திரம் அது. தமிழ்நாட்டு வடிகட்டியில் கொதிநீர் மேலிருந்து கீழிறங்கும். மோக்காவிலோ கீழிருந்து மேலேறும். அடித்தட்டில் நீரும் நடுத்தட்டில் காப்பித் தூளும் இடுவர். அடுப்பில் வைத்ததும் அடித்தட்டில் நீராவி பெருகி நீரை அழுத்தும். அந்நீர் தூளின் ஊடே ஏறிச் சாறாக மேற்கலத்தில் நிரம்பும்.

பொலோனாவின் சமையலுக்குத் தலைமை தாங்குவது 'தல்யதெல்லே' என்னும் பட்டையான மாவிழை. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற அளவில் பிசைந்து, நீண்ட குழவியால் மெல்லிய விரிப்பாகத் தேய்த்து, சுருட்டி நறுக்குவர். கண்ணளவே அதற்கு அளவு என்றிருந்த நிலை மாறி, 1972ஆம் ஆண்டில் அதன் அகலம் நகர வணிக மன்றத்தில் பதிவு செய்யப்பட்டது. வெந்தபின் 8 மில்லிமீட்டர். அதாவது, நகரின் நடுவே நிற்கும் 97 மீட்டர் உயரமுள்ள அசினெல்லிக் கோபுரத்தின் 12,270இல் ஒரு பங்கு! உணவைக் கோபுரத்தால் அளந்த மக்கள் இவர்களே போலும். இறைச்சியும் தக்காளியும் நெடுநேரம் வேகவைத்த குழம்பை இம்மாவிழையோடு கலந்து உண்பர். பொலோனாவின் பெயரால் உலகெங்கும் விற்கப்படும் மெல்லிய நூல்போன்ற மாவிழை உணவைக் கேட்டால், அந்நகர மூதாட்டியர் தலையசைத்து மறுப்பர். மறுத்ததோடு நில்லாமல், மாணவரைச் சமையலறைக்கு அழைத்து, குழவியைக் கையில் கொடுத்துச் சரியான முறையைக் கற்பிப்பவரும் உண்டு. மொழி தடுமாறும் இடத்தில் கை பேசுகிறது.

சதுக்கத்தில் மாலை வேளை

மாலையில் வேலை முடிந்ததும் மக்கள் குடும்பமாக வெளியே வந்து மெல்ல உலாவுவர். ஓரிடத்துக்குச் செல்வது அவர்கள் நோக்கமன்று. ஒருவரை ஒருவர் காண்பதே நோக்கம். அவ்வுலாவின் நடுவிடம் பெருஞ்சதுக்கம். அதனருகே ஒரு பழைய மாளிகையின் கீழே வளைவு மண்டபம் ஒன்று உள்ளது. அதன் எதிரெதிர் மூலைகளில் இருவர் சுவரை நோக்கி நின்று, ஒருவர் தாழ்ந்த குரலில் பேசினால், மற்றவர்க்குத் தெளிவாகக் கேட்கும். வளைந்த கூரை ஒலியைச் சிதறவிடாமல் ஏந்திச் செல்வதே அதற்குக் காரணம். மண்டபத்தின் நடுவே நடப்போர்க்கு அப்பேச்சுக் கேட்பதில்லை.

சாலை தோண்டும் இடங்களில் முதியோர் சிலர் கைகளைப் பின்னே கட்டியபடி நின்று, வேலை நடைபெறும் முறையை ஆராய்ந்துகொண்டிருப்பர். இவர்களைப் பொலோனா மக்கள் 'உமரெல்' என்று அன்போடு நகைப்பர். 'சிறு மனிதர்' என்பது அவ்வட்டார மொழிச் சொல்லின் பொருள். 2021ஆம் ஆண்டில் இச்சொல் இத்தாலிய அகராதியிலும் ஏறிவிட்டது. மொழி பழக விரும்பும் மாணவர் இம்முதியோர் அருகே சென்று நிற்றல் நன்று. ஓய்வும் பொறுமையும் உடைய ஆசிரியர்கள் அவர்கள்.

தேர்வும் பட்டமும்

இத்தாலியப் பல்கலைக் கழகங்களில் பல தேர்வுகள் வாய்மொழியாக நடைபெறும். ஆசிரியர் எதிரே அமர்ந்து, பிற மாணவர் கேட்டிருக்க, விடை கூற வேண்டும். மொத்த மதிப்பெண் 30, தேர்ச்சிக்கு 18. தேர்வுக்குச் செல்பவரை நண்பர்கள் 'ஓநாயின் வாய்க்குள்!' என்று வாழ்த்துவர். 'அது மடிக!' என்று மாணவர் மறுமொழி கூறுவர். வேட்டைக்குச் செல்வோரை வாழ்த்தும் வழக்கிலிருந்து இது வந்தது என்பர்.

பட்டம் பெறுவதற்கு முன் அசினெல்லிக் கோபுரத்தின் 498 படிகளை ஏறினால் பட்டம் கிட்டாது என்றொரு நம்பிக்கை பொலோனா மாணவரிடையே உண்டு. அருகிலுள்ள சாய்ந்த கோபுரத்தின் உறுதி குறித்து அச்சம் எழுந்தமையால் 2023ஆம் ஆண்டில் அவ்விடம் மூடப்பட்டது. பட்டம் பெற்ற நாளில் மாணவர் தலையில் நண்பர்கள் வாகை மாலைபோல ஒரு பசுந்தழை முடியைச் சூட்டித் தாழ்வாரங்கள் அதிரப் பாடிச் செல்வர். அயல்நாட்டு மாணவரின் பெற்றோர் தொலைவில் இருப்பின், அவர் தங்கியிருந்த வீட்டாரே உற்றாராய் உடன் நிற்பதும் உண்டு.

நின்ற கடிகாரம்

பொலோனா இரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் உள்ளது. அது எப்பொழுதும் 10.25 என்றே காட்டும். புதிதாக வரும் மாணவர் அது பழுதுற்றது என எண்ணுவர். 1980ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் காலை 10.25 மணிக்கு, விடுமுறைப் பயணிகள் நிறைந்திருந்த அந்நிலையத்தின் தங்கும் அறையில், தீவிரவாதிகள் வைத்த குண்டு வெடித்தது. 85 பேர் மாண்டனர். 200க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மருத்துவ வண்டிகள் போதவில்லை. நகர மக்கள் தம் வண்டிகளிலும் வாடகை வண்டிகளிலும் காயமுற்றோரை ஏற்றிச் சென்றனர். 37ஆம் எண் பேருந்து பயணிகளை இறக்கிவிட்டு, இறந்தோரைச் சுமந்து சென்றது. விடுமுறையில் இருந்த மருத்துவர் அழைப்பை எதிர்பாராமலே மருத்துவமனைக்குத் திரும்பினர்.

இறந்தோர் பெயர்களும் வயதும் நிலையத்தின் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயர்கள் எல்லாம் இத்தாலியர் பெயர்கள் அல்ல. ஜப்பானிலிருந்து வந்திருந்த 20 வயது மாணவர் ஒருவரின் பெயரும் அவற்றுள் உள்ளது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 2ஆம் நாள் மக்கள் ஊர்வலமாக வந்து, 10.25 மணிக்கு அமைதியாக நிற்பர். அங்கே வழிப்போக்கர் என்றும் குடிமக்கள் என்றும் வேறுபாடு இல்லை. அயலான் ஒருவன் கடனுக்காக மற்றோர் அயலானைப் பிடித்த காலம் ஒன்று. அயலாரின் பெயரையும் தம் மக்கள் பெயரோடு சேர்த்துச் சுவரில் எழுதிக் காக்கும் காலம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே அந்நகரின் பண்பாட்டு வரலாறு எனலாம்.

இருவழிப் பாலம்

அயல்நாட்டுக் கல்வியின் வாயிலை அகலத் திறக்க இத்தாலியப் பெண்மணி ஒருவரும் பாடுபட்டார். சோபியா கொர்ராதி என்னும் அவர், 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உயர்பட்டம் பெற்றுத் திரும்பியபோது, அயல்நாட்டில் அவர் பயின்ற பாடங்கள் தாய்நாட்டில் ஏற்கப்படவில்லை. தமக்கு நேர்ந்த இடர் பிறர்க்கு நேரலாகாது எனக் கருதி, அவர் பல ஆண்டுகள் முயன்றார். அம்முயற்சியும் பிறர் முயற்சிகளும் ஒன்றுசேர, 1987ஆம் ஆண்டில் 'எராஸ்மஸ்' என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டம் ஐரோப்பாவில் தொடங்கியது. அதனால் பயன்பெற்றோர் தொகை ஒரு கோடியைக் கடந்துவிட்டது.

வட இத்தாலியின் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டில் பிறந்த பெஸ்கி என்பார் தமிழ்நாட்டுக்கு வந்து, தமிழரோடு தமிழராய் வாழ்ந்து, வீரமாமுனிவர் எனப் பெயர் பெற்றார். அவர் சதுரகராதியைத் தொகுத்தார். திருக்குறளின் இரு பால்களை இலத்தீன் மொழியில் பெயர்த்தார். எகர ஏகார வேறுபாடு விளங்கத் தமிழெழுத்தைத் திருத்தினார். சமயப் பணிக்காக வந்தவரை மாணவராக்கியது தமிழ் மக்களின் மொழியும் பழக்கமும் ஆகும். பொலோனாவின் சமையலறையில் குழவியைக் கையில் ஏந்தி நிற்கும் அயல்நாட்டு மாணவரும், தமிழ்ப் புலவர்முன் சுவடி ஏந்தி அமர்ந்த அம்முனிவரும் ஒரே வழியில் நடந்தவர்களே. கேட்கும் செவியோடு சென்றவர்க்கு அயலூரும் நாளடைவில் தம் ஊராகும். வந்தவரை ஏற்கும் ஊர் வளரும்.